நானூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு

சேசு மரி சூசை துணை

ரங்கூன்,
3 ஜூலை 1926

அன்புள்ள தங்கை மார்த்தாவுக்கு,

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு இருபத்தொரு நாள் ஆகிறது. நீ விட்டுச்சென்ற பொருள்களை, த்வாண்டே போகும் லாஞ்சுப் படகில் டிக்கெட் கிழிக்கும் ஜமால் வசம் அனுப்பியிருக்கிறேன். ஜபமாலை ஒன்று, மூக்குக்கண்ணாடி உறை ஒன்று, சேலை இரண்டு, காலஞ்சென்ற உன் கணவர் மைக்கேலின் கறுப்புக் குடை ஒன்று. சரிபார்த்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுது.

நமக்குள் நேர்ந்ததை, பின்னால் படிக்கும் எவருக்கும் விளங்கும்படி ஒழுங்காக எழுதிவைப்பது என் வழக்கம். சீமையில் தயாராகும் பழைய ஆங்கில அகராதிக்காக ஒரு வினைச்சொல்லை என்னிடம் ஒப்படைத்தார்கள். துரத்துவதைக் குறிக்க இன்று சேஸ் என்று வழங்குவது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சாசென் என்று ஒலித்தது. பிரெஞ்சு பேசிய பிரபுக்களோடு அந்நாட்டுக்கு வந்த வேட்டைச் சொல். மூன்று ஆண்டுகளாக நாம் இருவரும் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களைச் சீட்டுகளில் படியெடுத்தோம். மொத்தம் 1,140 சீட்டுகள். அவற்றுள் 604 உன் கையெழுத்து.

மே மாத இறுதியில் பதிப்பாசிரியரின் கடிதம் வந்தது: 412ஆம் சீட்டின் மேற்கோள், மூல நூலின் முதல் தொகுதி 83ஆம் பக்கம் என்று குறித்திருந்தும், அந்தப் பக்கத்தில் இல்லை. கல்லூரி நூலகத்துப் பிரதியை நானும் மூன்று முறை பார்த்தேன். இல்லை. ஒரு சீட்டு இப்படியென்றால் மற்றவற்றை எப்படி நம்புவது? உன் சீட்டுகள் அனைத்தையும் விலக்கிவைக்கும்படி பதில் எழுதினேன். கன்னியர் பள்ளியின் தலைமைச் சகோதரி உன்னை ஆசிரியையாக எடுப்பது பற்றி என் அபிப்பிராயம் கேட்டபோதும், படியெடுப்பில் உன்னை நம்ப இயலாது என்றே எழுத வேண்டியிருந்தது. தங்கை என்பதற்காக விதியைத் தளர்த்தினால் அது விதியாகாது.

இதை உன்னிடம் சொன்ன அன்று நீ ஒரு சொல்லும் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். அது முறையன்று.

உன் தமையன்,
அமிர்தநாதன்


த்வாண்டே,
11 ஜூலை 1926

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

அனுப்பியவை வந்து சேர்ந்தன. ஜபமாலை, உறை, சேலைகள் சரியாக இருக்கின்றன. குடையின் மடிப்புக்குள் ஈரம் நின்று பூஞ்சை பூத்திருக்கிறது. நான் அதை அலமாரியில் உலர்ந்த நிலையில் வைத்துவிட்டு வந்தேன். யார் எடுத்துப் போனார்கள்?

இங்கே குயவர் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளி. முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே அறை, ஒரே கரும்பலகை. தமிழ், பர்மிய எழுத்து, கணக்கு மூன்றும் நானே. என்னைச் சயாமா என்கிறார்கள். டீச்சர் என்பதைவிடக் காதுக்கு நன்றாக இருக்கிறது.

நான் பேசாமல் போனது முறையன்று என்கிறீர்கள். பேசியிருந்தால் ஒன்றுதான் கேட்டிருப்பேன். இப்போது கேட்கிறேன். நம் மேசையில் உங்கள் விதி என்ன? படியெடுத்தவர் இடது மூலையில் தம் முதலெழுத்தைப் போட வேண்டும். மற்றவர் மூல நூலைத் திறந்து ஒப்புநோக்கிய பிறகே வலது மூலையில் தம் முதலெழுத்தைப் போட வேண்டும். இரண்டு எழுத்தும் இல்லாத சீட்டு உறைக்குள் போகாது. 412ஆம் சீட்டின் இடது மூலையில் என் 'மா' இருக்கும். வலது மூலையில் என்ன இருக்கிறது அண்ணா?

அந்த மேற்கோள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காட்டதிகாரி ஒருவன், வேட்டைக்கு இடைஞ்சல் என்று சொல்லி, காட்டோரத்தில் குடியிருந்த விதவையொருத்தியை அவள் குடிசையிலிருந்து விரட்டினான். அவள் பெயரைக்கூட எழுதாமல் விட்டிருந்தார்கள். இதை நானே புனைந்திருந்தால் அவளுக்கு ஒரு பெயராவது வைத்திருப்பேன்.

எனக்கு அகராதியில் இடம் வேண்டாம். நான் பொய்யாக எழுதவில்லை என்று பதிப்பாசிரியருக்கு ஒரு வரி, தலைமைச் சகோதரிக்கு ஒரு வரி. அது மட்டும் போதும்.

தங்கள் தங்கை,
மார்த்தா


ரங்கூன்,
25 ஜூலை 1926

அன்புள்ள மார்த்தாவுக்கு,

குடை பற்றி: அலமாரிக்கு மேல் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

சீட்டு பற்றி: அது என்னிடம் இல்லை. ஆகையால் வலது மூலை குறித்து நான் எதுவும் சொல்வதற்கில்லை.

சான்று பற்றி: மேற்கோள் உன் நினைவில் இருப்பது சான்றாகாது. பக்கத்தில் இருப்பதே சான்று. இந்தச் சொல்லுக்கு நாம் ஐந்து பொருள் வகுத்தோம். நாய்களை ஏவி விலங்கை வேட்டையாடுவது, ஓடுவதைப் பின்தொடர்வது, கால்நடையை ஓட்டிச் செல்வது, ஒருவரை இருப்பிடத்திலிருந்து விரட்டுவது, விடாமல் துன்புறுத்துவது. நான்காம் பொருளுக்கு அவ்வளவு பழைய சான்று உன் 412 ஒன்றுதான். அதனாலேயே அவர்கள் அதைத் துருவிப் பார்த்தார்கள். விடை அக்டோபர் முடிவதற்குள் தங்களுக்குக் கிடைக்க வேண்டும், அதன் பின் அந்தப் பகுதி அச்சுக்குப் போய்விடும் என்கிறார்கள்.

நேற்று லான்மடாவில் பைண்டர் கபீரிடம், இங்கே மிச்சமுள்ள என் சீட்டுகளுக்கு அட்டைப் பெட்டி செய்யக் கொடுத்தேன். "வாத்தியாரய்யா, மூணு வருசமா ஒரே வார்த்தையையா தொரத்திக்கிட்டு இருக்கீங்க? மானா இருந்தா இன்னேரம் கறியாக்கித் தின்னு, தோலையும் வித்திருக்கலாமே!" என்று சிரித்தார். பிறகு, "தங்கச்சியம்மா எங்க, ஆளையே காணோம்? அவுங்க எழுத்தப் பாத்தாத்தான் எனக்கு இங்கிலீசு படிக்கணும்னு ஆசையே வரும்" என்றார். வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். அது உண்மையே.

அமிர்தநாதன்


த்வாண்டே,
8 ஆகஸ்ட் 1926

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்துடன் ஜமால் ஒரு சாடி கொண்டுவருவார். உள்ளும் புறமும் மெருகிட்ட த்வாண்டேச் சாடி, மூடி இறுக்கமானது. அதை வனைந்தவர் ஜமாலின் மனைவி நூர் பீவி. தாய் பர்மியர், தகப்பன் தமிழ் முஸ்லிம். பேச்சில் இரண்டும் ஓடும். "சயாமா, மழைக்காலத்துல அட்டைப் பொட்டி என்னத்துக்கு ஆவும்? கரையானுக்கு அது ட்டமின். சோறுன்னு நெனச்சிட்டு வந்து குந்திக்கும். இதுல வையி, காயிதம் சாவாது" என்றார். சீட்டுகளை அதில் வையுங்கள். என்னுடையவற்றை விலக்கிவிட்டாலும் உங்களுடையவை இருக்கின்றனவே.

ஜமால் சாடியைத் தூக்கும்போது, "அண்ணன்காரருக்குக் கோவம் இன்னும் தீரலியாம்மா? இந்தச் சாடிக்குள்ள போட்டு மூடி அனுப்பிருவோமா?" என்றார். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீட்டு உங்களிடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயம் கேட்கும்போதெல்லாம் அந்தச் சீட்டையே கூட வைத்து அனுப்புவது பதிப்பாசிரியரின் வழக்கம் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள்தான். அதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

ஆனால் வேறொன்று தோன்றியது. நேரத்தை மிச்சப்படுத்த, ஐம்பது ஐம்பது சீட்டுகளாகக் கட்டி, நூலின் பெயரையும் தொகுதி எண்ணையும் அவற்றின் தலையில் நீங்களே முன்கூட்டி எழுதி வைப்பீர்கள். நான் பக்க எண்ணையும் மேற்கோளையும் மட்டும் எழுதுவேன். 412 எழுதிய வாரம் எது என்று எண்ணிப் பார்த்தேன். 1925 பிப்ரவரி. அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பகலெல்லாம் நான் அவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து படியெடுத்தேன். முதல் தொகுதியை முடித்து இரண்டாவதைத் தொடங்கிய வாரம் அது. கூடையில் முதல் தொகுதியின் தலைப்பிட்ட சீட்டுகள் மிச்சம் இருந்திருக்கலாம். தலைப்பை நான் பார்க்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் பிழையில் எனக்கும் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் தொகுதியின் 83ஆம் பக்கத்தைப் பாருங்கள். செப்டம்பர் கடைசித் தபால் கப்பலில் கடிதம் போனால் அக்டோபரில் கிடைத்துவிடும்.

தங்கை,
மார்த்தா


த்வாண்டே,
3 அக்டோபர் 1926

அண்ணனுக்கு,

எட்டு வாரமாகப் பதில் இல்லை. சாடி உடையாமல் சேர்ந்ததாக ஜமால் சொன்னார். தாங்களே வாசலில் நின்று வாங்கிக்கொண்டதாகவும், கடிதத்தை அங்கேயே பிரித்ததாகவும் சொன்னார்.

தலைமைச் சகோதரி எழுதியிருக்கிறார். அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். "உடன்பிறந்தவரே இப்படி எழுதும்போது நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். அவரிடம் குற்றம் காண எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர்க் கப்பல் போய்விட்டது.

மார்த்தா


சேசு மரி சூசை துணை

ரங்கூன்,
14 நவம்பர் 1926

மார்த்தா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. முறையாகவே எழுதுகிறேன், வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

முதலாவது: 412ஆம் சீட்டு என்னிடம் இருக்கிறது. மே மாதம் முதலே என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என்னிடம் இல்லை என்று நான் எழுதியது பொய். கூரை ஒழுகியதும் பொய்.

இரண்டாவது: அதன் வலது மூலையில் 'அ' என்று என் எழுத்து இருக்கிறது.

மூன்றாவது: அது முதல் தொகுதியில் இல்லை, இரண்டாம் தொகுதி, 83ஆம் பக்கம், கீழிருந்து ஆறாம் வரி. நீ எழுதியபடியே, எழுத்துக்கு எழுத்து. சீட்டின் தலையில் முதல் தொகுதி என்றிருப்பது என் கையெழுத்து. இதை நான் கண்டது எந்த நாள் என்று நீ கேட்பாய். ஆகஸ்ட் 13. உன் சாடி வந்த அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 13க்கும் இன்றைக்கும் இடையில் மூன்று மாதங்கள் இருக்கின்றன. அந்த மூன்று மாதமும் நான் வகுப்புக்குப் போனேன், பாடம் நடத்தினேன், ஒப்புநோக்காமல் கையெழுத்திட்ட மாணவன் ஒருவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன்.

நான்காவது: அந்த எழுத்தை நான் இட்டது 1925 பிப்ரவரி 17. ஆஸ்பத்திரியில் ஜூடித்துக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நீ அவளுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாய். நாற்பது சீட்டுகள் என் மடியில் இருந்தன. நூல் அன்று வீட்டிலேயே தங்கிவிட்டது. ஏதாவது செய்யாவிட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்து, நாற்பதிலும் கையெழுத்திட்டேன். உன் எழுத்து, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் நூலைப் பார்க்காமல் ஆளை நம்பியது அந்த ஒரு நாள்தான். நான்கு நாள் கழித்து அவள் போய்விட்டாள். அந்த நாற்பதை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதிப்பாசிரியரின் கேள்வி வந்தபோது, 'நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன்' என்று எழுதியிருக்க வேண்டும். உன்மேல் எழுதுவது எளிதாக இருந்தது. நாம் படியெடுத்த பழைய வேட்டை நூல் ஒன்றில் ஓர் இடம் வரும், உனக்கு நினைவிருக்கும்: கிளப்பிய மானை விட்டுவிட்டு, குறுக்கே ஓடிய வேறொரு மானின் பின்னால் நாய் போய்விடுவது. நாய் அதைத் தெரியாமல் செய்கிறது.

இவற்றையெல்லாம் பதிப்பாசிரியருக்கும் தலைமைச் சகோதரிக்கும் நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். படிகள் இத்துடன்.

அமிர்தநாதன்


ரங்கூன்,
16 ஜனவரி 1927

அன்புள்ள மார்த்தா,

என் நவம்பர்க் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கடமை உனக்கில்லை.

பதிப்பாசிரியரின் விடை வந்துவிட்டது. மரியாதையாகவே எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி அக்டோபரோடு மூடப்பட்டது. என்னிடமுள்ள 412 நீங்கலாக, உன் சீட்டுகள் அனைத்தும், என் முதல் கடிதத்தின்படி, பழைய தாள்களோடு கழிக்கப்பட்டன. நான்காம் பொருளுக்கு நூறாண்டு பிந்திய வேறொரு சான்றை வைத்திருக்கிறார்கள். அந்த விதவை அகராதியில் இல்லை. தலைமைச் சகோதரி தமக்கு மிகுந்த வருத்தம் என்றும், ஆனால் இப்போது இடமில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

ஆக, நான் சொன்ன உண்மையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்துவிடு. இத்துடன் ஒரு சீட்டு வைக்கிறேன். மூல நூல் இல்லாததால் இது அகராதிக்கு உதவாது. ஆனாலும் முறைப்படி எழுதியிருக்கிறேன். வலது மூலை உனக்காகக் காலியாக இருக்கிறது.

சொல்: சேஸ். நான்காம் பொருள்: ஒருவரை அவர் இருப்பிடத்திலிருந்து விரட்டுதல். இடம்: ரங்கூன். நாள்: 12 ஜூன் 1926. மேற்கோள்: தன் பிழையை மறைப்பதற்காகத் தமையன் ஒருவன் தன் தங்கையை வீட்டிலிருந்து விரட்டினான். படியெடுத்தது: அ. ஒப்புநோக்கியது:

உன் அண்ணன்,
அமிர்தநாதன்


த்வாண்டே,
30 ஜனவரி 1927

அன்புள்ள அண்ணனுக்கு,

நவம்பரில் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. தாங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருந்த பத்தியைப் படித்துவிட்டு என்னால் மேலே போக முடியவில்லை. அந்த நாளில் எனக்கும் அண்ணியின் மூச்சு மட்டுமே காதில் விழுந்தது. சீட்டின் தலையில் என்ன இருந்தது என்று பார்த்தேனா, சத்தியமாகத் தெரியாது. அண்ணி கடைசியாக என்னிடம் கேட்டது, "அவங்க சாப்பிட்டாங்களா?" என்பதுதான். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அத்தனை சீட்டுகள் போனதை நினைத்து ஒரு நாள் அழுதேன். மறுநாள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

தாங்கள் அனுப்பிய சீட்டைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். தவறு என்பதால் இல்லை. குறைபாடு இருப்பதால். மேற்கோள் பாதியில் நிற்கிறது. அன்று விரட்டப்பட்டவள் வீட்டுப் படியைத் தாண்டியதோடு அந்த நாள் முடிந்துவிடவில்லை. அவள் லான்மடாவ் துறைக்குப் போனாள். மழையில் வெகுநேரம் நின்றாள். அதன் பிறகு நடந்தது சீட்டில் இல்லை. மூலத்தில் உள்ளதைப் பாதியில் வெட்டக்கூடாது என்பதும் நம் மேசையின் விதிதான்.

முழுவதும் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

மார்த்தா


ரங்கூன்,
6 பிப்ரவரி 1927

மார்த்தா,

உன் கடிதத்தைக் கண்டதிலிருந்து, நீ எப்படி அறிந்தாய் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அறிந்தாயோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன்.

நீ போன அரை மணிக்கெல்லாம் நானும் புறப்பட்டேன். வெளியே நல்ல மழை. உன்னிடம் குடை இல்லை என்பது அலமாரியைத் திறந்தபோது தெரிந்தது. மைக்கேலின் குடையை எடுத்துக்கொண்டேன். 412ஆம் சீட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உன்னிடம் காட்டி, இதோ என் எழுத்து, வீட்டுக்கு வா என்று சொல்வதற்காகத்தான் வந்தேன். டல்ஹௌசி தெரு முழுவதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

துறையில் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் குடை பிடித்து நின்றேன். நீ பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். பத்தடி நடந்தால் போதும். லாஞ்ச் ஒரு முறை ஊதியது. இரண்டாம் முறை ஊதியது. சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு உன் பார்வையில் நான் வேறொரு ஆளாக இருப்பேன் என்று தோன்றியது. மூன்றாம் முறை ஊதியபோது நீ ஏறிவிட்டாய். புகை மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். குடையை விரித்து உலர்த்தாமல் மடித்து வைத்தேன்.

இவ்வளவுதான். சீட்டை மறுபடி எழுதியிருக்கிறேன். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வா, மார்த்தா. இனி அந்தச் சொல்லைத் தொடவேமாட்டேன்.

அண்ணன்


த்வாண்டே,
13 பிப்ரவரி 1927

அன்புள்ள அண்ணா,

சீட்டைப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சரி. வலது மூலையில் என் எழுத்தைப் போட்டிருக்கிறேன். உங்கள் சாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி அறிந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குடை கிழிந்தபோது அதில் நீலத் துணியால் ஒட்டுப்போட்டவள் நான். ரங்கூனில் எத்தனை கறுப்புக் குடை இருந்தாலும் அந்த நீலச் சதுரம் ஒன்றுதான். மூட்டைகளுக்கு மேலே அது தெரிந்தது. முதல் ஊதலுக்கு முன்பே தெரிந்தது.

ஜமால் பலகையில் நின்று, "அம்மா, ஏறுறீங்களா இல்லியா? தண்ணி வத்துது, உங்களுக்காக ஆறு நிக்குமா?" என்று கத்தினார். "கொஞ்சம் இருங்க, ஆள் வருது" என்றேன். "எந்த ஆளு?" என்றார். நீலச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசையவில்லை.

பிறகு உங்கள் கடிதங்கள் வந்தன. குடை நனைந்தது எப்படி என்று கேட்டேன், கூரை ஒழுகியது என்றீர்கள். அப்போதும் உங்களிடமிருந்து ஒரு வரிக்காகக் காத்திருந்தேன்.

நான் வரப்போவதில்லை. தண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம் நீங்கள் உண்மை சொல்லியிருந்தாலும், அகராதியில் அந்த விதவைக்கு இடம் கிடைத்திருந்தாலும், இந்தப் பதில் மாறியிருக்காது. அன்று முடிவானது இது.

துறையில் நீங்கள் இல்லாமல் இருந்திருந்தால், இந்த மழையில் அண்ணன் தனியாக விட்டிருக்கமாட்டாரே, அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று பயந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்திருப்பேன். நீங்கள் வந்து, மூட்டைகளுக்குப் பின்னாலேயே நின்றீர்கள். அதனால்தான் ஏறினேன்.

மார்த்தா